கையைத் தொட்டே பார்க்காமல் கழுத்துக்கு ஸ்கேன்

கை மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நாலு மாதமும் 18,000 ரூபாய்க்கு மேலும் போனது.

நான் பிளவுஸ் தைப்பவள், வயது 43. போன ஆவணி முகூர்த்த சீசனில் ஆரம்பித்தது. நடுராத்திரி இரண்டு மணிக்கு வலது கை மரத்து, எரிச்சலோடு விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து உதறினால் சரியாகும். படுத்தால் திரும்பவும் அதே கதை. பகலில் கொக்கி வைக்கும்போதும், போனைப் பிடித்துப் பேசும்போதும் வந்தது.

முதலில் ஏமாந்தது தெருமுனை மெடிக்கலில். "நரம்புப் பரிசோதனை முகாம், 300 ரூபாய்" என்று போர்டு வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, அதிரும் கருவி ஒன்றை உள்ளங்காலில் வைத்தார் ஒரு பையன். "தம்பி, எனக்குக் கைதான் மரக்குது" என்றேன். "நரம்பெல்லாம் ஒண்ணுதாங்க்கா" என்றார். கலர் பிரிண்ட்டில் ஒரு ரிப்போர்ட், கூடவே 1,400 ரூபாய்க்கு மாத்திரை. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்ச்சி குறைகிறதா என்று பார்க்கிற கருவி அது என்று பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டு நரம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடுத்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். டாக்டர் மூன்று நிமிடம் பேசினார், எழுதிக்கொண்டே பேசினார். என் கை மேஜைமேல்தான் இருந்தது, ஒருமுறைகூடத் தொடவில்லை. கழுத்துக்கு எம்ஆர்ஐ எழுதினார். எந்த சென்டரில் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே. 7,000 ரூபாய். "டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு" என்று கழுத்துக்கு காலர், இழுவை சிகிச்சை, நாள் விட்டு நாள் பத்து ஊசி. காலரை மாட்டிக்கொண்டு குனிந்து மெஷின் மிதிக்க முடியுமா? ஆனாலும் மாட்டினேன். ராத்திரி விழிப்பு மட்டும் நிற்கவே இல்லை.

ஒருநாள் கத்தரிக்கோல் கைநழுவி விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா பிடித்திழுக்காத குறையாக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே நரம்பியல் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "சுண்டுவிரல் மரக்குதாம்மா?" யோசித்துப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி; சுண்டுவிரலில் ஒன்றுமே இல்லை. நாலு மாதத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை.

பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டு மடங்கி விரல்கள் தரையைப் பார்க்கும்படி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். எனக்கு இருபது விநாடியிலேயே விறுவிறுவென்று வந்துவிட்டது. மணிக்கட்டைத் தட்டினார், கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தினார். இரண்டு கையின் கட்டைவிரல் மேட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலதில் சதை கொஞ்சம் வற்றியிருந்தது. தினமும் பார்க்கிற என் கையில் எனக்கே தெரியவில்லை.

மணிக்கட்டில் குகை மாதிரி ஒரு வழி இருக்கிறதாம். ஒன்பது தசைநாண்களோடு, எனக்கு மரத்த அந்த விரல்களுக்குப் போகிற மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த இடம் இறுகி நரம்பு நசுங்குவதுதான் கார்பல் டன்னல். கழுத்துக் கோளாறாலும் விரல் மரக்கும், அதை அவரும் மறுக்கவில்லை. கழுத்தைத் திருப்பியும் சாய்த்தும் பார்த்த பிறகுதான் இல்லை என்றார். "இந்த வயசுல யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் கழுத்துல ஏதாவது தெரியும்மா. வலியே இல்லாதவங்களுக்கும் தெரியும்."

தட்டி, மடக்கிப் பார்ப்பது மட்டும் போதாது, சிலருக்கு நோய் இருந்தும் அதில் தெரியாது என்று நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கும் எழுதினார். பத்து நாள் காத்திருந்தேன். விரலில் வளையம் மாட்டி, சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, மணிக்கட்டைத் தாண்ட மின்சாரம் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கிறார்கள். சுண்டுவிரல் நரம்போடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஏசியில் என் கை சில்லிட்டிருந்தது. சூடாக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தார் டெக்னீஷியன், குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாக ஓடுவதாகக் காட்டுமாம். வேறு எங்காவது எடுத்தால் இதைக் கேளுங்கள். அல்ட்ராசவுண்டில் நரம்பு வீங்கியிருப்பதைப் பார்க்கிற முறையும் உண்டு, எனக்குத் தேவைப்படவில்லை. ரத்தத்தில் சர்க்கரையும் தைராய்டும் பார்த்தார்கள். தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று தெரிந்தது. அதனாலும் இது வரும் என்றார் டாக்டரம்மா. அதைக் கழுத்து ஸ்கேன் சொல்லியிருக்குமா?

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டியே பார்த்திருக்கலாமாம். சதை வற்ற ஆரம்பித்துவிட்டதால் இப்போது ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

பழைய ஆஸ்பத்திரியில் என் ஃபைலை வாங்கப் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அடுத்த செட் ஊசி பாக்கி இருக்கே மேடம், இன்னிக்கே போட்டுக்கறீங்களா?" என்று கேட்டாள்.