பழைய பங்களாத் தூணுக்குக் கடலூர் கிளிஞ்சல் சுண்ணாம்பு: எதை வாங்கலாம், எதை விடலாம்

கடலூரில் ஒரு காளவாயில் டிரம்மில் அடைத்துத் தரும் ஊறல் சுண்ணாம்பை (நீரில் நீற்றி ஊறவைத்த குழைவு) தயங்காமல் வாங்கலாம். அங்கேயே மூட்டையில் விற்கும் கலவைப் பொடி வேண்டாம், அதில் வெள்ளைச் சிமெண்ட் சேர்கிறது.

ஜார்ஜ் மன்னர்கள் காலத்து (1714–1830) இங்கிலாந்துப் பண்ணை மாளிகைகளில் தூண்கள் பெரும்பாலும் செதுக்கிய கல். நம் கரையில் பங்களா கட்டிய ஆங்கிலேயர், அந்தக் கல் இல்லாததால் செங்கல்லை வட்டமாகக் கட்டி, மேலே சுண்ணாம்பை இழைத்துப் பளிங்காக்கினார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்துப் பழைய பங்களாக்களில் டஸ்கன் தூணின் (வரிப்பள்ளம் இல்லாத எளிய வட்டத் தூண்) அழகு முழுக்க அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதன்மேல் சிமெண்ட் ஏறினால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி, கடற்காற்று கொண்டுவந்த உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். இங்கிலாந்திலும் புதுப் பூச்சை நம்பிக் கெட்டார்கள்: கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் நம்பிய லியார்டெட்டின் எண்ணெய்ப் பூச்சு (காப்புரிமை 1773) லண்டன் கென்வுட் மாளிகையில் நிலைக்கவில்லை.

டிரம் சரக்கு வெண்ணெய் பதம், கரணையில் ஒட்டி நிற்கிறது. குறை ஒன்று உண்டு. நீறாத துணுக்குகள் அங்கங்கே கிடக்கின்றன. பூசிய பிறகு அவை ஈரம் குடித்து விரிந்து, அம்மைத் தழும்புபோலத் தெறிக்கும். மெல்லிய சல்லடையில் வடிகட்டாமல் தொடாதீர்கள். மூடியும் இறுக்கமில்லை, மேலே கட்டியான ஆடையை எடுத்து வீசுங்கள், கலக்காதீர்கள்.

முதல் பூச்சுக்கு சுண்ணாம்பு 1, சலித்த ஆற்று மணல் 3, கனம் 10 மி.மீ. அடுத்ததற்கு 1:2. கடற்கரை மணல் கூடவே கூடாது. கடைசிப் பூச்சு 2 மி.மீ.தான்: சுண்ணாம்பும் நுண்ணிய வெள்ளைக்கல் பொடியும் சரிபாதி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்து, இறுகும் பருவத்தில் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் கனமாக அப்பினால் மயிரிழை வெடிப்பு நிச்சயம்.

தூண் மேலே போகப்போக மெலிய வேண்டும். அடி விட்டத்தைப்போல் 7 மடங்கு உயரம், கீழ் மூன்றிலொரு பங்கு வரை நேர், பிறகே மெலிவு. நல்ல நிலையிலுள்ள தூணிலிருந்து தகர அச்சு வெட்டிக்கொடுங்கள். தூக்குக்குண்டை மட்டும் நம்பும் கொத்தனார் அதைக் குழாயாக்கிவிடுவார்.

விலை சிமெண்டைவிடக் கூடுதல்தான். ஐப்பசி மழையிலும் கத்திரி வெயிலிலும் பூசாதீர்கள். தை, மாசியில் பூசி, ஈரச் சாக்கு சுற்றி ஒரு வாரமாவது நிழல் கொடுங்கள்.