சம்பந்தி வீட்டு வம்சத்தைத் தேடிய ஏழு வருடம்

என் மகன் கட்டியது மாசசூசெட்ஸ் பெண்ணை. "நாங்கள் ஜான் ஹவ்லண்ட் வழி வந்தவர்கள்" என்று சம்பந்தியம்மா ஒருநாள் சொல்ல, ஓய்வுபெற்றுச் சும்மா இருந்த நான் அதைப் பிடித்துக்கொண்டேன். 1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற வந்தவர்களின் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர் ஹவ்லண்ட். நடுக்கடலில் தவறி விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பற்றி உயிர் பிழைத்த ஆள். கை நழுவியிருந்தால், அவர் வழி வந்த அமெரிக்க அதிபர்கள் புஷ் குடும்பமே இல்லை.

நான் அதிகம் புழங்குவது ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி இணையதளம். மார்மன் என்னும் கிறிஸ்தவ சபையார் நடத்துவது, காசு கிடையாது. வெறும் பெயரைத் தட்டித் தேடியபோது பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. உயில், நிலப் பத்திரப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கண் போனதுதான் மிச்சம். 2024-இல் பழைய கையெழுத்தையே படித்துத் தேடித் தரும் வசதி வந்தது. ஆறு வருடம் முன்பே வந்திருக்கக் கூடாதா!

காசு கட்டிச் சேர்ந்த வேறொரு தளத்தில் யார் யாரோ போட்ட வம்ச மரங்களை நம்பி மூன்று மாதம் வீணானது. ஹவ்லண்டின் மனைவி, அந்தக் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் கார்வரின் மகள் என்று இருந்தது. அது பழைய பிழை. கார்வருக்குப் பின் ஆளுநரான பிராட்ஃபோர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி 1855-இல் லண்டனில் அகப்பட்டபோதே, அவள் எலிசபெத் டில்லி என்று தெளிந்துவிட்டது. வந்த முதல் குளிர்காலத்திலேயே தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்த சிறுமி. பிற்பாடு பத்துப் பிள்ளைகளுக்குத் தாய்.

தேதியிலும் வழுக்கினேன். ஹவ்லண்ட் இறந்தது 1672/73 பிப்ரவரி என்று இருக்கும். நமக்குச் சித்திரை மாதிரி, ஆங்கிலேயருக்கு 1752 வரை மார்ச் 25-இல்தான் வருடம் பிறந்தது. அதனால் அந்தப் பிப்ரவரி அவர்கள் கணக்கில் 1672, இன்றைய கணக்கில் 1673.

ஆனால் 1620 ஒரு கஷ்டமே இல்லை. முதல் ஐந்து தலைமுறையை, அந்தக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் நடத்தும் மேஃப்ளவர் சங்கத்தார் ஆதாரத்தோடு புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். 1800-ஐ ஒட்டி நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்த கிளையில்தான் முட்டி நின்றேன். 1850-க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மனைவி மக்களெல்லாம் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. நியூயார்க்கிலோ மாநில அளவில் ஒழுங்கான பிறப்புப் பதிவு 1880 வரை இல்லை.

கைகொடுத்தது ஒரு விதவையின் ஓய்வூதிய மனு. அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப் போரில் சண்டையிட்ட வீரரின் மனைவி என்று நிரூபிக்க, வீட்டு பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதிய தாளையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. இவளும் அனுப்பியிருந்தாள். ஏழு பிள்ளைகள், பிறந்த தேதியோடு. நான்காவது பெயரைக் காட்டியதும் சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த விதவையின் தகப்பன் யார் என்பது இன்னும் பாக்கி. ஃபேமிலிசெர்ச்சை விடுவதாக இல்லை. சந்தா தளத்தை மட்டும் நிறுத்திவிட்டேன்.