விசாகப்பட்டினக் கடற்கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் ஒரு விமானமும்

விசாகப்பட்டினத்துக்குச் சுற்றுலா செல்வோரில் பலர் ராமகிருஷ்ணா கடற்கரையில் சற்று நேரம் நின்றுவிட்டு, கைலாசகிரியில் ஏறி இறங்கி, மறுநாள் காலையில் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். நான் இரண்டு நாள்களை அந்நகரின் அருங்காட்சியகங்களுக்கு மட்டுமே ஒதுக்கியிருந்தேன். அவற்றுள் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்போர், வேறு யோசனையே இல்லாமல், ஐ.என்.எஸ். குர்சுராவுக்குச் செல்ல வேண்டும்.

சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டு 1969 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த இந்த நீர்மூழ்கிக் கப்பல், 1971 போரின்போது அரபிக் கடலில் சுற்றுக்காவல் பணியில் இருந்தது. 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்ற அதனைக் கரைக்கு இழுத்து வந்து, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது, ஏறத்தாழ 91 மீட்டர் நீளமுள்ள அதன் உடல் மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. உள்ளே கால் வைத்ததும் அந்த எண்ணம் மாறிவிடுகிறது. குழாய்களும் வால்வுகளும் அளவுமானிகளும் தலைக்கு மேலும் இருபுறமும் நெருங்கி நிற்க, நடுவில் ஓர் ஆள் நடக்குமளவே வழி இருக்கிறது. அந்த இடத்தில் சுமார் 75 பேர் வாரக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் என்பதுதான், என் பார்வையில், இந்த அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வம். நீருக்கு மேலே இருக்கும்போது டீசல் என்ஜின்கள் இயங்கி மின்கலங்களை நிரப்புகின்றன என்பதையும், மூழ்கிய பின் காற்று கிடைக்காததால் என்ஜின்களை நிறுத்திவிட்டு மின்கலத்தின் ஆற்றலில் மட்டுமே கப்பல் நகர்கிறது என்பதையும் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் என்ஜின் அறையில் நின்றுகொண்டு ஒருவர் அதனை விளக்கும்போதுதான், மூச்சுக் காற்று, குடிநீர், மின்சாரம் ஆகிய மூன்றையும் எண்ணி எண்ணிச் செலவிட வேண்டியிருந்த வாழ்க்கை அது என்பது உறைத்தது. நீருக்கடியில் பாய்ந்து சென்று கப்பல்களைத் தாக்கும் டார்ப்பிடோக்களை ஏவும் குழல்கள், முன்பகுதியில் ஆறும் பின்பகுதியில் நான்குமாகப் பத்து இருக்கின்றன. அவற்றுக்கு அருகிலேயே மாலுமிகளின் படுக்கைகளும் இருக்கின்றன. குளிப்பதற்கு நன்னீர் தர இயலாத பயணங்களைப் பற்றி எங்கள் வழிகாட்டி எவ்விதப் பெருமிதமும் இன்றி, அன்றாட வேலையைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லை.

ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும்படி வழி அமைந்திருப்பதால், பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டால் எந்த அறையிலும் நின்று பார்க்க முடியாது. ஆகவே வார நாளில், திறந்தவுடன் செல்வது நல்லது, திங்கட்கிழமை விடுமுறை. அறைகளுக்கு இடையிலுள்ள வட்டமான திறப்புகளில் காலைத் தூக்கி வைத்து, தலையைக் குனிந்து நுழைய வேண்டியிருப்பதால், மூட்டு வலி உள்ள பெரியவர்களையும் அடைத்த இடத்தில் திணறுவோரையும் அழைத்துச் செல்லும் முன் அவர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். பெரிய பையும் வேண்டாம்.

சாலையின் மறுபுறத்தில், 2017 டிசம்பரில் திறக்கப்பட்ட டியூ-142 விமான அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கு இந்த விமானம் அயலானது அன்று. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்திலிருந்து பறந்துவந்த விமான அணியைச் சேர்ந்தது இது. 1988 முதல் 2017 வரை 29 ஆண்டுகள் அந்த அணி பணியில் இருந்தது. நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றின் முகப்பிலும் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு விசிறிகள் என அதன் உருவமே வியக்க வைக்கிறது. அரக்கோணத்துப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்த விசிறிகளைக் கண்டவுடன், வகுப்பில் ஆசிரியரின் குரலை மூழ்கடித்த இரைச்சல் நினைவுக்கு வந்தது.

இந்த விமானத்தின் முதன்மையான வேலை நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது. கடலில் போடப்பட்டு, நீருக்கடியில் எழும் ஒலியைக் கேட்டு அனுப்பும் மிதவைகளைக் காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒளிந்து வாழ்ந்தவர்களின் அறைகளை முதலில் பார்த்துவிட்டு, பிறகு அவர்களைத் தேடியவர்களின் கருவிகளைப் பார்த்தால், இரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன. வரிசையை மாற்றினால் விமானம் வெறும் பெரிய விமானமாகவே நின்றுவிடும்.

நகரில் நான் பார்த்த மற்றோர் அருங்காட்சியகத்தைப் பற்றி இவ்வளவு மகிழ்ச்சியாக எழுத முடியவில்லை. அரிய பொருள்கள் பல அங்கே இருந்தும், எது எங்கே கிடைத்தது, எந்தக் காலத்தது என்ற குறிப்பு பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இல்லை. பொருளைக் காப்பதில் காட்டும் அக்கறையில் சிறு பங்கையாவது அதன் வரலாற்றை எழுதி வைப்பதிலும் காட்ட வேண்டும்.

கடற்கரைச் சாலையிலேயே 1971 போரின் வெற்றி நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் முன் நிற்கும்போது, அவ்வாண்டு டிசம்பரில் இந்நகருக்கு அப்பால் மூழ்கிய பாகிஸ்தானின் காஜி என்ற நீர்மூழ்கிக் கப்பலை நினைக்காமல் இருக்க முடியாது. இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த்தைத் தேடி வந்த அந்தக் கப்பலிலிருந்து ஒருவர்கூட உயிர் தப்பவில்லை. குர்சுராவின் படுக்கைகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, பகைவரின் கப்பலில் இருந்தவர்களும் அதே நெருக்கத்தில் உறங்கியவர்கள்தாம் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் மாலையில் பீமுனிப்பட்டினம் செல்லும் வழியிலுள்ள தொட்லகொண்டாவுக்குச் சென்றேன். கூரையோ கண்ணாடிப் பெட்டியோ இல்லாத இந்தப் பௌத்த மடாலயத்தையும் நான் அருங்காட்சியகமாகவே கருதுகிறேன். 1970களில் கடற்படையினரின் நில ஆய்வின்போது வெளிப்பட்ட இந்தக் குன்றில் பின்னர் நடந்த அகழாய்வில், சாதவாகனர் காசுகளோடு ரோமானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளால்தான் குன்றுக்கு அந்தப் பெயர். துறவிகள் தங்கிய அறைகளின் செங்கல் அடித்தளங்களுக்கு நடுவே நின்று கிழக்கே பார்த்தால் கடல் முழுவதும் விரிகிறது. நான் சென்ற அன்று தொலைவில் இரண்டு சரக்குக் கப்பல்கள், துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கொண்டிருந்தன.