சூத்திரமா, அட்டவணையா? கருத்துக்கணிப்பு எண்களில் நிகழ்தகவு

அக்கா மகனுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது நான் சூத்திரக் கட்சி. கூட்டல் தேற்றம், பெருக்கல் தேற்றம், நிபந்தனை நிகழ்தகவு மூன்றையும் தாளின் தலையில் எழுதி வைத்துக்கொண்டு, கணக்கில் வரும் எண்களை அவற்றில் போட்டுக்கொண்டே போவேன். இரண்டே வாரத்தில் அட்டவணைக் கட்சிக்குத் தாவிவிட்டேன். தாவ வைத்தது ஒரே ஒரு கணக்கு, அதுவும் நானே தப்பாகப் போட்டது.

கணக்கு இதுதான். எண்கள் பயிற்சிக்காக நான் இட்டுக்கட்டியவை. 200 கல்லூரி மாணவர்களிடம் இரண்டு கேள்விகள்: விடுதியா, வீடா? பகுதிநேர வேலை உண்டா, இல்லையா? விடுதியில் இருப்பவர்கள் 80 பேர், அதில் 28 பேருக்கு வேலை உண்டு. வீட்டிலிருந்து வருபவர்கள் 120 பேர், அதில் 30 பேருக்கு உண்டு. வேலை பார்ப்பவர்களில் ஒருவரைக் குலுக்கி எடுத்தால் அவர் விடுதி மாணவராக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

நான் 28/80 என்று போட்டு 0.35 என்று முடித்துவிட்டேன். சூத்திரம் சரியாகத்தான் இருந்தது. 'ஆ நடந்திருக்கும்போது அ நடக்க' என்பதில் எது அ, எது ஆ என்பதை மாற்றி வைத்துவிட்டேன். பையன் பக்கத்தில் நாலு கட்டம் போட்டு (வரிசைகளில் விடுதி, வீடு; நெடுக்கைகளில் வேலை உண்டு, இல்லை; ஓரங்களில் மொத்தம்) பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, வேலைக்குப் போறவங்களே மொத்தம் 58 பேர்தானே, 80 எங்கேருந்து வந்துச்சு?" சரியான விடை 28/58, ஏறத்தாழ 0.48.

சாதாரணக் கேள்விகளில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 200 பேரில் ஒருவரை எடுத்தால் அவர் வேலை பார்ப்பவராக இருக்க 58/200, அதாவது 0.29. பார்க்காதவராக இருக்க 0.71. 'விடுதி அல்லது வேலை' என்றால் சூத்திரத்தில் 0.40 + 0.29 − 0.14 = 0.55. அட்டவணையில் மூன்று கட்டங்களைக் கூட்டினால் போதும்: 28 + 52 + 30 = 110, அதை 200-ஆல் வகுத்தால் அதே 0.55. இரண்டு பக்கமும் இருக்கும் 28 பேரைக் கழிக்க மறப்பது சூத்திரத்தில் சகஜம். கட்டத்தில் அந்த 28 ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் இருமுறை எண்ண வழியில்லை. ஆனால் இதற்காக மட்டும் யாரும் கட்சி மாற வேண்டியதில்லை.

விஷயமே பின்னத்தின் அடியில் இருக்கும் பகுதியில்தான். அதே 28 பேரை வைத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். எல்லோரிலும் ஒருவரை எடுத்தால் அவர் விடுதியிலும் இருந்து வேலையும் பார்ப்பவராக இருக்க 28/200. விடுதி மாணவர்களில் ஒருவரை எடுத்தால் அவர் வேலை பார்ப்பவராக இருக்க 28/80. வேலை பார்ப்பவர்களில் ஒருவரை எடுத்தால் அவர் விடுதி மாணவராக இருக்க 28/58. முறையே 0.14, 0.35, 0.48. மேலே உள்ள எண் அசையவே இல்லை. தப்பு நடப்பதெல்லாம் கீழேதான், சூத்திரத்தில் அந்தக் கீழ் எண் ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அட்டவணையிலோ மூன்று பகுதிகளும் கண்ணெதிரே கிடக்கின்றன: மூலையில் 200, வரிசையின் கடைசியில் 80, நெடுக்கையின் அடியில் 58. எந்த ஓரத்தைத் தொட வேண்டும் என்று முடிவு செய்தால் போதும்.

அதை முடிவு செய்யத் தமிழே கை கொடுக்கிறது. கேள்வியில் 'களில்' எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ அதன் மொத்தம்தான் பகுதி. 'விடுதி மாணவர்களில்' என்றால் 80. 'வேலை பார்ப்பவர்களில்' என்றால் 58. 'எடுத்தவர் வேலை பார்ப்பவர் எனில்' என்று வந்தால் 'எனில்' அதே வேலையைச் செய்கிறது. 'வேலை பார்க்கும் விடுதி மாணவராக இருக்க' என்று மொட்டையாகக் கேட்டால், அங்கே 'களில்' எதுவும் இல்லை, பகுதி 200. இதைச் சொன்ன பிறகு பையன் கேள்வித்தாளில் 'களில்'-ஐ வட்டமிட ஆரம்பித்துவிட்டான். நானும்தான்.

சூத்திரக் கட்சியில் வழக்கமாக ஓர் எதிர்வாதம் வரும்: தலை எண்ணிக்கையே தராமல் சதவீதம் மட்டும் தந்தால்? 40% விடுதி, அவர்களில் 35% வேலை பார்ப்பவர்கள், மற்றவர்களில் 25%. வேலை பார்ப்பவர் விடுதி மாணவராக இருக்க என்ன வாய்ப்பு? பாடநூல்படி இதற்குப் பேயீஸ் தேற்றம், அதாவது நிபந்தனையைத் திருப்பிப் போட்டுக் கணக்கிடும் சூத்திரம். நான் 1000 பேர் என்று வைத்துக்கொள்கிறேன். 400 பேர் விடுதி, அதில் 140. 600 பேர் வீடு, அதில் 150. ஆக 140/290, பழைய 0.48-தான். தேற்றத்தின் பெயரே வரவில்லை. இது வெறும் குறுக்குவழியும் அல்ல: உளவியலாளர்கள் கெர்ட் கிகெரென்சரும் உல்ரிச் ஹோஃப்ராகேயும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், இதே மாதிரிக் கேள்விகளைச் சதவீதமாகத் தராமல் 'இத்தனை பேரில் இத்தனை பேர்' என்று தந்தபோது சரியாக விடை சொன்னவர்கள் கணிசமாகக் கூடினார்கள்.

சாரா நிகழ்ச்சிகளா, அதாவது ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாதவையா என்று பார்ப்பதும் கட்டத்தில் சுலபம். விடுதியில் 0.35, வீட்டில் 0.25. இரண்டும் சமமில்லை, ஆகவே சார்புடையவை. பெருக்கல் விதியில், சாராதவையானால் இரண்டும் சேர்ந்து நடக்க 0.40 × 0.29 = 0.116 வர வேண்டும், இதை உண்மையான 0.14-உடன் ஒப்பிடலாம். முடிவு ஒன்றே, ஆனால் 35-க்கும் 25-க்கும் உள்ள இடைவெளி எனக்கு எதையோ சொல்கிறது, 0.116 எதையும் சொல்வதில்லை.

நிஜக் கருத்துக்கணிப்பில் இன்னொரு சங்கடம் உண்டு, பதில் எழுதாமல் விட்டவர்கள். 200 பேரில் 12 பேர் வேலைக் கேள்வியைக் காலியாக விட்டிருந்தால், 58/200 என்பதா, 58/188 என்பதா? முன்னது 0.29, பின்னது 0.31. 'பதில் இல்லை' என்று தனி நெடுக்கை போட்டுவிட்டால் அந்த 12 பேர் காணாமல் போக மாட்டார்கள். சூத்திரத்தில் அவர்கள் இருப்பதே தெரியாது.

சரி, அட்டவணை தோற்கும் இடங்கள். இரண்டு பேரைத் திருப்பி வைக்காமல் எடுத்தால் கட்டம் கையை விரித்துவிடும். அங்கே ஒவ்வொரு தேர்வையும் கிளையாகப் பிரித்து வரையும் மர வரைபடம்தான்: இருவரும் வேலை பார்ப்பவர்களாக இருக்க 58/200 × 57/199, கிட்டத்தட்ட 0.083. ஒருவராவது என்றால் 1 − (142/200 × 141/199), ஏறத்தாழ 0.497. 'பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கவும்' வகைக் கேள்வியில், ஒரே ஆள் மூன்று பதிலும் தரும்போது, ஒன்றின் மேல் ஒன்று படியும் வட்டங்களால் ஆன வென் படம் அழகாக உட்காரும். நான்கு கேள்விகளைக் கோர்த்த கணக்குகளை நான் அதிகம் போட்டதில்லை. போட்ட ஒன்றிரண்டில் அட்டவணை தாளை விட்டு வெளியே போய்விட்டது.

அட்டவணை ஏமாற்றவும் செய்யும். 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்புச் சேர்க்கையில், விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44% பேருக்கும் பெண்களில் சுமார் 35% பேருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வு காணவில்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். 1975-இல் இந்த அலசல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 'பெண்களில்' என்பதற்கும் 'இந்தத் துறைக்கு விண்ணப்பித்த பெண்களில்' என்பதற்கும் இடையே பகுதி மாறிவிடுகிறது. என் கற்பனைக் கணக்கிலும் விடுதிக்காரர்களில் பெரும்பாலோர் கடைசி ஆண்டு மாணவர்களாக இருந்தால், 35-க்கும் 25-க்கும் உள்ள இடைவெளி விடுதியால் வந்ததா, ஆண்டால் வந்ததா என்று இந்த நாலு கட்டம் சொல்லாது. ஆண்டுக்கு ஒரு கட்டம் தனித்தனியாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.