ஷெட் ராஃப்டரில் கிரேன் தொங்கவிட்டுத் தருவதாகக் கூறுபவர்களிடம் கவனமாக இருங்கள்

சிறு இயந்திரப் பட்டறை நடத்துபவர்கள், குறிப்பாகக் கோவையைச் சுற்றி பிஇபி ஷெட்டுகளில் (பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் இரும்புச் சட்டக ஷெட்டுகளில்) தொழில் செய்பவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே இருக்கும் ஷெட்டின் இரும்புச் சட்டகத்திலிருந்தே 2 டன் கிரேனைத் தொங்கவிட்டுத் தருவதாகச் சொல்லி முழுத் தொகையையும் பெற்றுக்கொண்ட ஒரு நிறுவனம், அந்தச் சட்டகம் கிரேனைத் தாங்குமா என்று ஒரு வரிகூடக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. சட்ட நடவடிக்கை தொடங்கியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள், எந்தத் தாளைக் காட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், வேறு யாரேனும் அதையே சொல்லும்போது உங்களால் அடையாளம் காண முடியும்.

எங்கள் ஷெட் 15 மீட்டர் அகலம் கொண்டது. கூரையைத் தாங்கும் சரிவான இரும்பு உத்திரங்களான ராஃப்டர்கள் 6 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. பம்ப் உறைகள், கியர்பாக்ஸ் கூடுகள் போன்ற காஸ்டிங்குகளை இயந்திரத்தில் ஏற்றி இறக்க ஒரு கிரேன் தேவைப்பட்டது. இயந்திரங்களுக்கு நடுவே தூண் நடுவதற்கு இடம் இல்லாததால் அண்டர்ஸ்லங் கிரேன், அதாவது கூரைச் சட்டகத்திலிருந்து தொங்கும் ரன்வே பீமின் (ஓடுபாதை உத்திரத்தின்) கீழ் ஃபிளாஞ்சில் (விளிம்புத் தகட்டில்) சக்கரம் ஓடும் வகை, எங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றியது. அந்த வகையில் எந்தக் குறையும் இல்லை. கிரேன் சுமையையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கட்டிய ஷெட்டில் அது பல்லாண்டுகள் சிறப்பாக உழைக்கும், தரையும் முழுவதுமாகக் காலியாகக் கிடைக்கும்.

கொட்டேஷன் கேட்டபோதே ஷெட் கட்டிய நிறுவனத்தின் வரைபடங்களையும் வடிவமைப்புச் சுமைகள் எழுதிய பக்கத்தையும் விற்பனைப் பொறியாளரிடம் கொடுத்தேன். கூரையின் நேரடிச் சுமை சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன் என்றும், கிரேன் சுமை இல்லை என்றும் அந்தப் பக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதைப் பெற்றுக்கொண்ட பிறகுதான், "இருக்கும் கட்டடத்திற்கு ஏற்ப வடிவமைத்து நிறுவித் தரப்படும்" என்ற வாசகத்தோடு கொட்டேஷன் வந்தது. வேலை முடிந்து வந்த இறுதி பில்லின் பின்பக்கத்திலோ, "கட்டடத்தின் தாங்குதிறன் வாடிக்கையாளரின் பொறுப்பு" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆர்டர் வாங்கும்போது தங்களுடையதாக ஏற்றுக்கொண்ட பொறுப்பை, பணம் கைக்கு வந்தபின் என் தலையில் வைத்தார்கள்.

இனி அவர்கள் சொன்ன கணக்கைப் பாருங்கள். மூன்று பேக்களுக்கு (அடுத்தடுத்த இரண்டு ராஃப்டர்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு பே) இரண்டு ரன்வே பீம்கள், நான்கு ராஃப்டர்களில் மொத்தம் எட்டுத் தொங்கல் பிராக்கெட்டுகள். "2 டன்னை எட்டால் வகுத்தால் ஒரு பிராக்கெட்டுக்கு 250 கிலோதான் சார், மின்விசிறி தொங்கவிடுவது மாதிரி" என்றார் அந்த விற்பனைப் பொறியாளர். இந்த வகுத்தல் கணக்கு அடிப்படையிலேயே பொய்யானது. கிரேன் எட்டுப் பிராக்கெட்டுகளுக்கும் ஒரே நேரத்தில் சுமையைப் பகிர்ந்து கொடுப்பதில்லை. இரண்டு ரன்வே பீம்களுக்கும் குறுக்கே ஓடும் பாலம் ஒரு ராஃப்டருக்கு நேர் கீழே வந்து நின்று, பாலத்தில் தொங்கும் தூக்கு இயந்திரமான ஹாய்ஸ்ட் ஒரு பக்க ஓரத்திற்கு ஓடிப்போனால், ஏறக்குறைய முழுச் சுமையும் அந்த ஒரே பிராக்கெட்டின் மேல்தான் விழும்.

எங்கள் கிரேனில் இரண்டு ரன்வே பீம்களுக்கும் இடையே 7 மீட்டர். பாலத்தின் எடை ஏறத்தாழ 700 கிலோ, ஹாய்ஸ்டும் அதைச் சுமந்து பாலத்தில் ஓடும் டிராலியும் சேர்ந்து 250 கிலோ. 2 டன் காஸ்டிங்கைத் தூக்கிக்கொண்டு ஹாய்ஸ்ட் ஓரத்திற்கு வரும்போது அந்தப் பக்கம் இறங்குவது சுமார் 2,400 கிலோ. மின்சாரக் கிரேனுக்கு அதிர்வுக்காக 25 சதவீதம் கூட்ட வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி சொல்கிறது. அதையும் சேர்த்தால் 3,000 கிலோ. ரன்வே பீமாக அவர்கள் பொருத்திய ஐஎஸ்எம்பி 300 (300 மில்லிமீட்டர் உயர ஐ வடிவ இரும்பு உத்திரம்), மீட்டருக்கு 44 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஒரு பிராக்கெட்டின் பங்குக்கு 6 மீட்டர் நீளம் வருவதால் அதுவே 250 கிலோவைத் தாண்டிவிடுகிறது. அதாவது, அவர்கள் சொன்ன 250 கிலோ, கிரேன் ஓடாமல் சும்மா தொங்கும் வெறும் பீமுக்கே போதவில்லை.

செங்குத்துச் சுமையோடு விஷயம் முடிவதுமில்லை. டிராலி குறுக்கே ஓடி நிற்கும்போது, டிராலியும் தூக்கிய பொருளும் சேர்ந்த எடையில் 10 சதவீதமும், பாலம் நெடுக ஓடி நிற்கும்போது சக்கரச் சுமையில் 5 சதவீதமும் கிடைமட்டமாகத் தள்ளும். இந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ள ரன்வே பீமுக்கு நெடுக்கிலும் குறுக்கிலும் அசையாமல் பிடித்து நிறுத்தும் பிரேசிங் கொடுக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ராஃப்டர் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இருந்ததால், பிராக்கெட் சமமாக உட்காருவதற்கு ஆப்புத் தகடுகளை முறையாக வெட்டிச் செய்திருக்க வேண்டும். அவர்களோ கையில் கிடைத்த தகட்டுத் துண்டுகளைச் சொருகி, 6 மில்லிமீட்டர் ஃபிளாஞ்சின் குறுக்கே தலைக்கு மேல் வெல்டிங் அடித்துவிட்டுப் போனார்கள். பிஇபி ராஃப்டர் என்பது எங்கே எவ்வளவு விசை வருமோ அந்த அளவுக்கு மட்டும் தகட்டை மெலித்துச் செய்யப்படுவது. மிச்சமாக அதில் இரும்பு கிடையாது. அந்த மெல்லிய ஃபிளாஞ்சில் குறுக்கே போடும் கள வெல்டிங் அதை இன்னும் பலவீனப்படுத்தும்.

முதலில் இதைக் கவனித்தவர் எங்கள் மூத்த ஃபிட்டர். "டிராலியை விட்டுட்டா தானா ஓடுதுங்கண்ணா, பாலமும் பே நடுவுக்கே வந்து நிக்குதுங்க" என்றார். நிறுவனத்தைக் கூப்பிட்டபோது, புதுச் சக்கரம் என்பதால் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. அடுத்து வந்த மழையில் அந்த பேக்களில் மட்டும் கூரைத் திருகுகளின் ஓரமாகத் தண்ணீர் கசிந்தது. ஒரு பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் கீறல் விட்டிருப்பதைப் பார்த்த அன்றே கிரேனின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அந்தக் கொக்கிக்குக் கீழே நின்று வேலை செய்பவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். வேறு யோசனைக்கு இடமில்லை.

பிறகு அழைத்துவந்த கட்டமைப்புப் பொறியாளர், பட்டறையிலிருந்து எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, கடைசியாக ஒருமுறை சுமையைத் தரையிலிருந்து சற்றே தூக்கச் செய்து அளந்தார். ரன்வே பீமின் நடுப்பகுதி 22 மில்லிமீட்டர் இறங்கியது. இரும்புக் கட்டுமானத்திற்கான தரநிலை ஐஎஸ் 800:2007 இத்தகைய மின்சாரக் கிரேனின் பீமுக்கு நீளத்தில் 750-இல் ஒரு பங்கு மட்டுமே அனுமதிக்கிறது. 6 மீட்டருக்கு அது 8 மில்லிமீட்டர். தகரக் கூரை தாங்கும் ராஃப்டருக்கோ அதே தரநிலை 180-இல் ஒரு பங்கு வரை அனுமதி தருகிறது, 15 மீட்டருக்கு அது 83 மில்லிமீட்டர். கூரை அவ்வளவு தொய்ந்தாலும் கூரைக்குக் குற்றமில்லை. அந்தத் தொய்வை நம்பி ஓடுபாதையைத் தொங்கவிட்டால் பாதை சரிவாகிவிடுகிறது, டிராலியும் பாலமும் பள்ளத்தை நோக்கி ஓடுகின்றன. எங்கள் ஃபிட்டர் கண்ணால் கண்டது இதைத்தான்.

இந்த அறிக்கையை அனுப்பியதும் நிறுவனம் வேறொரு கணக்கோடு வந்தது. சதுர மீட்டருக்கு 75 கிலோ, 6 மீட்டர் இடைவெளி, ஆகவே ராஃப்டர் மீட்டருக்கு 450 கிலோ தாங்கும், 15 மீட்டருக்கு 6,750 கிலோ தாங்கும், 2 டன் எம்மாத்திரம் என்றார்கள். கூரையின் மேல் பரவி, பர்லின்கள் (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) வழியாக ராஃப்டரின் மேல் ஃபிளாஞ்சுக்கு வரும் சுமை அது. எப்போதோ பழுதுபார்க்க ஆட்கள் ஏறும்போது மட்டும் வருவது. கிரேன் சுமையோ ஒரே இடத்தில், கீழ் ஃபிளாஞ்சைப் பிடித்திழுத்து, பக்கவாட்டிலும் முறுக்கி, ஒவ்வொரு ஜாப்புக்கும் திரும்பத் திரும்ப வருவது. இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் கிரேன் நிறுவனத்தில் பொறியாளராக இருக்க முடியாது. ஆகவே இது அறியாமையால் சொல்லப்பட்ட பதில் என்று நான் நம்பவில்லை.

சோதனைச் சான்றிதழ் குறித்தும் சொல்லியாக வேண்டும். 125 சதவீத எடையில் சோதித்ததாக அவர்கள் தந்த தாள், ஹாய்ஸ்ட் தயாரித்த தொழிற்சாலையில் ஹாய்ஸ்டுக்கு மட்டும் செய்த சோதனையைப் பற்றியது. எங்கள் ஷெட்டில், எங்கள் ராஃப்டரில் தொங்கும் கிரேனுக்கு எந்தச் சோதனையும் நடக்கவில்லை. நாங்கள் கிரேன் வாங்கிய காலத்தில் நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 29-ஆம் பிரிவு, தூக்கு இயந்திரத்தைத் தகுதி பெற்ற நபர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றது. அப்படிப் பரிசோதிக்க வந்தவர் முதலில் கேட்டதே கட்டடக் கணக்கைத்தான். அது இல்லாமல் கையெழுத்திட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

கிரேன் வாங்கப்போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு பிராக்கெட்டிலும் அதிகபட்சமாக எவ்வளவு செங்குத்துச் சுமை, எவ்வளவு பக்கச் சுமை வரும் என்பதைக் கிரேன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளை ஷெட் கட்டிய நிறுவனத்திற்கு அனுப்பி, தாங்கும் அல்லது இன்ன இடத்தில் பலப்படுத்த வேண்டும் என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தச் சுமைத் தாளைத் தர மறுப்பவரிடம் பேச்சைத் தொடர வேண்டாம். கொட்டேஷனிலும் பில்லிலும் கட்டடப் பொறுப்பு யாருடையது என்பது ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாமே என்று பலர் கேட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்திற்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆட்களை வைத்து நடத்தும் பட்டறை அந்த விலக்குக்குள் வருவது கடினம் என்று வழக்கறிஞர் சொன்னதால், வணிக நீதிமன்ற வழக்குக்கு முந்தைய மத்தியஸ்தத்திற்காக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். கிரேனைக் கழற்றி இறக்கிவிட்டு, இரண்டு இயந்திரங்களை இடம் மாற்றி, தரையில் தனி அஸ்திவாரத்தின் மேல் நிற்கும் தூண்களில் வேறொருவரைக் கொண்டு ரன்வே அமைத்திருக்கிறோம். அந்தச் செலவும் மனுவில் சேர்ந்திருக்கிறது.

ஏற்கெனவே இப்படித் தொங்கும் கிரேனைப் பயன்படுத்துபவர்கள், வெறும் டிராலியைக் கையால் தள்ளி விட்டுப் பாருங்கள். அது நிற்காமல் ஒரே பக்கமாக ஓடினாலோ, பிராக்கெட்டைச் சுற்றிப் பெயின்ட் கீறியிருந்தாலோ, ராஃப்டரின் கீழ் ஃபிளாஞ்ச் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, கிரேனில் எதையும் தூக்காமல் நிறுத்திவிட்டு, விற்றவரைக் கூப்பிடுவதற்கு முன் அவருடன் தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.