பீட்டா மீனுக்குக் கிண்ணமா, 20 லிட்டர் தொட்டியா?

சென்னை கொளத்தூர் கடைகளில் பீட்டாவைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் வரிசையாக வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தே பலர் கிண்ணம் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கு உண்டு. ஆகவே உயிரோடு இருக்கும். நலமாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

கிண்ணத்துக்கு விலை குறைவு, வேலை அதிகம். கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். 2 லிட்டர் நீரில் அது சீக்கிரமே நஞ்சாகிவிடும். மீன் துடுப்புகளை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கும். நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் குளோரினையும் நீக்க வேண்டும்.

20 லிட்டர் தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பஞ்சு வடிகட்டி) வைத்தால், அதில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நச்சுத்தன்மை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அவசரக்காரர்களுக்கு அதுதான் சோதனை. பிறகு வாரத்துக்கு ஒரு முறை கால்வாசி நீரை மாற்றினால் போதும். நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும்; அந்த நீண்ட வாலோடு எதிர்நீச்சல் போடுவது கடினம். மூடி கட்டாயம், பீட்டா துள்ளிக் குதிக்கும்.

24 முதல் 28 டிகிரி வெப்பம் இதற்கு உகந்தது. சென்னையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது, ஊட்டியில் தேவைப்படும். கிண்ணத்தில் அதைப் பொருத்துவதும் சிரமம்.

என் ஓட்டு தொட்டிக்கே. இடம் மிச்சமிருக்கிறதே என்று இன்னோர் ஆண் பீட்டாவை மட்டும் விட்டுவிடாதீர்கள்; இரண்டும் சண்டை போடும்.