ஒரு பையன், மூன்று புத்தகம், ஒரு எவர்சில்வர் தட்டு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அக்கா வீட்டு அலமாரியில் ‘அக்னிச் சிறகுகள்’ மூன்று பிரதி இருந்தது. மூன்றும் பரிசாக வந்தவை. பேச்சுப் போட்டிக்கு ஒன்று, ஓவியப் போட்டிக்கு ஒன்று, பத்தாம் வகுப்பு மார்க்குக்கு ஒன்று. அதில் ஒன்றின் முதுகு மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது. அதுவும் பாதிக்கு மேல் புத்தம் புதுசு. பள்ளி ஆண்டு விழா மேடையேறிய பிள்ளை இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

அக்கா பையன் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருந்தான். “மாமா, படிச்சா ஒரு வேகம் வரணும். அப்படி ஒரு புக் சொல்லுங்க” என்றான். வேகம் வரும் என்று சொல்லி விற்கும் புத்தகங்கள் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையிலேயே குவிந்து கிடக்கின்றன. ஏழு நாளில் தன்னம்பிக்கை, இருபத்தோரு நாளில் தலைமைப் பண்பு. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அறிவியல், தலைமை, தன்னை வளர்த்துக்கொள்வது என்று மூன்றையும் தொடுகிற மூன்று புத்தகங்களை எடுத்துக்கொண்டேன்: அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’, ரிச்சர்ட் ஃபைன்மனின் ‘ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங், மிஸ்டர் ஃபைன்மன்’, காந்தியின் ‘சத்திய சோதனை’. மூன்றுமே சொந்தக் கதை. மூன்று பேரும் விழுந்து எழுந்தவர்கள்.

படிக்கும்போது சிலிர்க்கிறதா என்பதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. சிலிர்ப்பு நல்ல சினிமாப் பாட்டுக்கும் வரும். படித்து முடித்த மறுநாள் காலையில் கை எதைத் தேடிப் போகிறது என்று மட்டும் பார்த்தேன்.

முதலில் கலாம். ஆங்கிலத்தில் 1999-இல் வந்த நூல். ராமேஸ்வரம், அப்பாவின் படகு, கல்லூரிப் பணத்துக்காக அக்கா ஜோகரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தது எல்லாம் நமக்கு மேடைப் பேச்சுகளிலேயே மனப்பாடம். அடகுக்கடைப் படி ஏறி இறங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஊரில் அந்த வளையல் இடம் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும். விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தபோது ஒன்பதாவதாக வந்து நின்றதும் தைக்கும். பையன் அந்த இரவு முழுக்கப் படித்தான். மறுநாள் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டினான். காலை நாலரைக்கு எழுவது என்று தொடங்கியது. ஒன்பதாம் நாள் அந்தத் தாள் மின்விசிறிக் காற்றில் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

இது புத்தகத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவன் வாசித்தது எழுச்சியை. அந்த நூலின் உண்மையான சதை நடுப்பகுதியில் இருக்கிறது, பரிசு வாங்கிய பிள்ளைகள் நிறுத்திவிடும் இடத்துக்கு அப்பால். 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பிச் சில நிமிடங்களில் கடலில் விழுகிறது. அந்தத் தோல்வியை அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர் முன் தன் தலையில் போட்டுக்கொண்ட கதை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும். கலாம் பிற்காலப் பேச்சுகளில் அதைப் பலமுறை சொன்னார். ஆனால் நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் மறுபக்கம். விசாரணைக் கூட்டத்தில் பொறியாளர்கள் காரணங்களை விளக்கி முடிக்கிறார்கள். கலாம் எழுந்து, ஏவுவதற்கு முன்பே தெரிந்த கசிவைச் சின்ன விஷயம் என்று கணித்தது தன் தவறு, நிறுத்தியிருக்க வேண்டியது தான்தான் என்கிறார். இன்னொரு இடம்: ராக்கெட் விழுந்த அன்று அசதியில் தூங்கிப்போனவரை எழுப்பாமல், இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், அப்புறம் சாப்பிடக் கூட்டிப் போகிறார் அவருடைய மேலதிகாரி பிரம்ம பிரகாஷ். தலைமைப் பண்பு பற்றி நான் படித்ததில் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சரியாகச் சொன்ன இடம் குறைவு. அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது என்பது வரலாறு. அந்தச் சாப்பாடு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

குறையும் உண்டு. ஏவுகணைத் திட்டங்கள் தொடங்கியதும் குழு, கூட்டம், ஆய்வகம், பெயர்ப்பட்டியல் என்று நூல் அலுவலகக் கோப்பாகிவிடுகிறது. 1989-இல் அக்னி பறக்கும்வரை பொறுமை தேவை. பதினேழு வயதுக்கு அந்தப் பொறுமை இருக்காது.

அவன் அப்பாவின் வயதுக்கு இருந்தது. அக்கா வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறை. எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். போன தீபாவளிக்கு முன் ஒரு பெரிய ஆர்டர், பற்றவைப்பு விட்டுப்போச்சு என்று திரும்பி வந்தபோது, மூன்று நாள் அவர் யார்மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கசிவு அத்தியாயத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, “அவசரம்னு பொடியை மாத்தச் சொன்னது நான்தான் மாப்ளே” என்றார். பட்டறைப் பையன்களிடமும் அதைச் சொன்னாராம். ஆக, மறுநாள் சோதனையில் கலாம் தேறினார். ஆனால் பரிசு வாங்கியவனிடம் அல்ல, அவன் அப்பாவிடம்.

அடுத்து ஃபைன்மன். 1985-இல் வந்த நூல். எழுதியது என்பதைவிடப் பேசியது. நண்பர் ரால்ஃப் லெய்ட்டனிடம் சொன்ன கதைகள். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே சக விஞ்ஞானிகளின் பெட்டகப் பூட்டுகளைத் திறந்து விளையாடுகிறார். எங்கும் அறிவுரை இல்லை. ஒரு குறும்புக்காரச் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து அளப்பது மாதிரி இருக்கும்.

இதில் பிரேசில் அத்தியாயத்தைத்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவேன். அங்கே பாடம் நடத்தப் போகிறவர், மாணவர்கள் ஒளியின் தளவாக்கம் (ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வது) பற்றிய வரையறைகளை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பதைப் பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் அதே சங்கதிதான் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் பையன் இரண்டு வருடம் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் இருந்தவன். காலை ஐந்து மணிப் படிப்பு, ராத்திரி பத்து மணித் தேர்வு. இயற்பியலில் நல்ல மார்க். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அதே அத்தியாயத்தில், படிகத்தை நசுக்கினால் ஒளி வரும் என்று வரையறை சொல்வதற்குப் பதில், சர்க்கரைக் கட்டியை இருட்டில் குறடால் நொறுக்கிப் பார் என்று சொல்லியிருந்தால் யாராவது வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்திருப்பார்களே என்று ஆதங்கப்படுகிறார். அன்று ராத்திரியே பட்டறைக் குறடு காணாமல் போனது. பூஜை அலமாரியில் கற்கண்டும். விளக்கை அணைத்துவிட்டு, கண் பழகும்வரை காத்திருந்து, நறுக். நீலமாக ஒரு பொட்டு மின்னி மறைந்தது. நானும் பார்த்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு.

தட்டு விஷயம் அதற்கு அடுத்த வாரம். கார்னெல் பல்கலைக்கழக உணவகத்தில் யாரோ தட்டை மேலே வீசுகிறார்கள். அது தள்ளாடிக்கொண்டே சுற்றுகிறது. வேலையில் சலித்துப்போயிருந்த ஃபைன்மன் சும்மா விளையாட்டுக்கு அதைக் கணக்குப் போடத் தொடங்கி, நோபல் பரிசு கொடுத்த வேலைக்கே அங்கிருந்துதான் போய்ச் சேர்ந்தேன் என்கிறார். தள்ளாட்டம் சின்னதாக இருந்தால் தட்டு தள்ளாடுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும் என்று நூலில் இருக்கிறது. பையன் எவர்சில்வர் தட்டின் ஓரத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தான். மொட்டை மாடிக்குப் போனோம். எதிரே சேர்வராயன் மலை பாதி மேகத்தில். அவன் வீச, நான் போனில் ஸ்லோமோஷனில் எடுத்தேன். முப்பது தடவையாவது இருக்கும். பொட்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் தட்டு இரண்டு முறை தள்ளாடியது. புத்தகத்தில் இருப்பதற்கு நேர்த் தலைகீழ்.

நாங்கள்தான் தப்பு என்று முதலில் நினைத்தோம். கணக்குப் போட்டால் எங்கள் தட்டு சொன்னதுதான் சரி. கதையாகச் சொல்லும்போது ஃபைன்மன் விகிதத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். பையன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நான் பார்த்ததில்லை. தன் ஆசிரியரிடமே பிழை கண்டுபிடிக்க விடுகிற புத்தகம் அது.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் நீட்ட மாட்டேன். எல்லாக் கதையிலும் கடைசியில் இவரே கெட்டிக்காரர். அது கொஞ்சம் சலிக்கும். பெண்களைப் பற்றி அவர் எழுதும் சில இடங்கள் முகம் சுளிக்கவைக்கின்றன. என் மகளுக்குக் கொடுத்தபோது அதை முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன். பேச்சு ஆங்கிலம் என்பதால் தமிழ்வழிப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டியிருக்கும்.

‘சத்திய சோதனை’யை நான் ஏற்காட்டில் படித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி, நாகலூர்ப் பக்கம் நண்பரின் காப்பித் தோட்ட வீட்டில், மழையும் மின்வெட்டுமாக நான்கு நாள். தமிழில் ‘சோதனை’ என்றால் பரிசோதனையும்தான், வேதனையும்தான். இந்தத் தலைப்புக்கு அது அழகாகப் பொருந்துகிறது. பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்று, நா எழாமல் உட்கார்ந்து, வழக்கையே திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடி வருகிறார் காந்தி. கூச்சப்படுகிற பிள்ளைக்கு இதைவிட ஆறுதல் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முதலாளி அடித்துப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம், ஒரு தமிழர். அந்தத் தலைப்பாகையை மறுபடி கட்டச் சொல்வதிலிருந்து தொடங்குகிறது அந்தப் பக்கத்தின் தலைமை. சேலத்துக்காரர்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் உண்டு: 1919-இல் கடையடைப்பு யோசனை கனவுபோல உதித்ததை அவர் சென்னையில் ராஜாஜியிடம் சொல்லும் அத்தியாயத்தில், ராஜாஜி சமீபத்தில்தான் சேலத்தை விட்டு வந்தவர் என்று எழுதுகிறார். அதற்குக் கொஞ்சம் முன்புவரை ராஜாஜி நம் நகராட்சித் தலைவர்.

உணவு, விரதம் பற்றிய அத்தியாயங்கள் நீளம். மனைவியிடம் நடந்துகொண்ட விதத்தைப் படிக்கும்போது கோபம் வருகிறது. அவரே ஒளிக்காமல் சொல்வதால்தான் வருகிறது. மலையிலிருந்து இறங்கிய மறுநாள் நான் செய்தது ஒன்றுதான். லண்டனில் தபால் தலைக் காசுவரை கணக்கு எழுதி வைத்தவர் அவர். நானும் ஒரு நோட்டு வாங்கினேன். ஏழு மாதமாக எழுதுகிறேன், இரண்டு வாரம் விட்டுப்போனது. பையன் இந்தப் புத்தகத்தில் நாற்பது பக்கம் தாண்டவில்லை. தாண்ட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. தான் செய்த தப்பு என்று நாலைந்து சேர்ந்த பிறகு திறக்க வேண்டிய நூல் அது.

எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ எங்கே என்று அக்கா கேட்டாள். அவள் தலைமுறைக்கு அதுதான் வேதம். கமல் படத்தின் கதாநாயகனுக்கே அவர் பெயர் வைத்த காலம். நல்ல புத்தகம், எளிய தமிழ். ஆனால் அது என்ன நினைக்க வேண்டும் என்று சொல்கிறது. எனக்கு இப்போது, ஒருவர் என்ன செய்தார் என்று சொல்லும் புத்தகம்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே, கல்லூரிக்குக் கிளம்பும்போது பையன் பெட்டியில் போனது ஃபைன்மன். மூன்று ‘அக்னிச் சிறகுகள்’ பிரதிகளில் ஒன்று பட்டறைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வெள்ளித்தூள் படிந்து. மற்ற இரண்டும் வேறு ஏதோ பள்ளியின் பரிசு மேஜைக்குப் போய்விட்டன, அக்கா சாமர்த்தியசாலி. தட்டைப் பற்றி மட்டும் அவளுக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. கல்யாணச் சீரில் வந்ததாம். விளிம்பு மூன்று இடத்தில் நசுங்கியிருக்கிறது. லீவுக்கு அவன் வரும்போதெல்லாம் அதில்தான் சோறு போடுகிறாள்.